மேனேஜர் சொன்ன குட்

அந்த மேனேஜர் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான். குட். டீ வந்தால் குட். மழை வந்தால் குட். மெஷின் ஓடினால் குட். மெஷின் நின்றுபோய்விட்டது என்று யாராவது போய்ச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு "குட், குட்" என்பார். சொல்லப் போனவன், இவர் காதில் விழுந்துதான் சொல்கிறாரா என்று குழம்பிப்போய்த் திரும்பி வருவான். வெளிநாட்டு மனிதர். இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்த இங்கிலீஷிலும் இந்த ஒரு வார்த்தையைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார் போலிருக்கிறது என்று கீழே மெஷின் ஷாப்பில் பேசிக்கொள்வார்கள். 'குட்டு மேனேஜர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் தலை தெரிந்தால் யாராவது ஒருவன் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வான். மற்றவர்கள் சட்டென்று வேலையில் குனிந்துவிடுவார்கள்.

அந்தக் குட்டை ஜப்பான் மொழியில் மாற்றிச் சொல்வதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளம்.

அக்கா என்றுதான் கம்பெனி முழுக்கக் கூப்பிடும். ஜப்பான் அக்கா. இரும்பு அச்சு செய்கிற கம்பெனி அது. கார் விளக்குக்கு மேலே பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதை வார்க்கிற அச்சு. வாங்குகிறவர்கள் ஜப்பான்காரர்கள். அக்கா டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தாள். ஜப்பான்காரர்கள் வர ஆரம்பித்து, மொழி தெரிந்த ஆளுக்குக் கம்பெனி நாயாய் அலைந்தபோது, "நான் கத்துக்கறேன் சார்" என்று எழுந்து நின்றவள் இவள் ஒருத்திதான். துணிச்சலுக்குக் குறைச்சல் இல்லை.

சாயங்காலம் ஒரு ஜப்பான்கார அம்மாளிடம் வகுப்பு. வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நின்றபடியே மனப்பாடம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட்ட வீடு. அக்காவும் தம்பியும் மட்டும்தான். தம்பி அதே கம்பெனியில் அச்சுக்கு மெருகு போடுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தான். ராத்திரிச் சோறு வேகும்வரை அவன் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு கேள்வி கேட்பான். ஒவ்வொரு ஜப்பானிய எழுத்துக்குப் பக்கத்திலும் அவள் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருப்பாள். படங்களும் உண்டு.

"இந்தப் படத்துல இருக்கறவன் யாரு, என்னன்னு சொல்லு."

"கோபக்காரன்."

"தப்பு. வெக்கப்படறான். நேத்தும் இதையேதான் தப்பா சொன்ன. கொஞ்சம் மண்டையில ஏத்துக்கா!"

"நீ வேற! பால் பொங்குது. பாலைப் பாக்கவா, ஜப்பானைப் பாக்கவா?"

அப்படித்தான் அவள் படித்தாள். அவனிடம் திட்டு வாங்கி வாங்கிப் படித்தாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி, பஸ் டிரைவர் ஒருவரோடு அதே கட்டிடத்தின் மாடி வீட்டுக்குப் போனாள். அவனுக்குக் கல்யாணம் ஆகி, கீழ் வீடு அவன் வீடானது. புத்தகம் கீழேயேதான் கிடந்தது. அதற்குள் அவளுக்குப் புத்தகம் தேவைப்படாமல் போயிருந்தது.

வேலையில் அவள் கெட்டிக்காரியானாள். வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொல்கிறவள் இல்லை அவள். மேனேஜரின் குட்டில் எத்தனை ரகம் உண்டு என்று அவள் காதுக்கு மட்டும்தான் தெரியும். மூக்கால் சொன்னால் "சரி, போதும், கிளம்பு" என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் "எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சண்டை வேண்டாம்." இரண்டு முறை சொன்னால் காதிலேயே வாங்கவில்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் ஜப்பான் மொழியில் ஒரு தனிச் சொல் எடுத்து வைப்பாள். ஜப்பான்காரர்களில் மூத்தவர் ஒருவர், எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அச்சைத் தடவிப் பார்ப்பவர், மேனேஜர் குட் என்றதும் மேனேஜர் முகத்தைப் பார்க்கவே மாட்டார். அக்கா பக்கம் திரும்பிவிடுவார். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அவருக்குக் கணக்கு.

மொழியோடு கூடவே அந்த ஊர் மரியாதையும் அவளுக்குள் இறங்கிவிட்டது. அதுதான் வினை. வகுப்பெடுத்த அம்மாளுக்கு ஒரு மகன், பெரிய டாக்டர். யாராவது அவனைப் பாராட்டினால் அந்த அம்மாள் கையை வீசி, "அட, அது ஒரு மடையன், எங்களுக்கு ஒரே தொல்லை" என்பாள். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிப் பேச வேண்டும், தன் வீட்டுப் பிள்ளையை இறக்கிப் பேச வேண்டும், அப்படிப் பேசாதவள் வளர்ப்பு சரியில்லாதவள் என்பது அவர்கள் கணக்கு. அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுக்காரர் என்னமா பஸ் ஓட்டறார்" என்றால், "ஐயோ, அவருக்கு பிரேக் எங்க இருக்குன்னே தெரியாது" என்பாள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். "ஏண்டி, இதைக் கேட்டுட்டு எவன்டி என் பஸ்ல ஏறுவான்?"

தம்பியைப் பற்றியும் அப்படித்தான். கையுறைக்காரர் முதல் முறை மெருகு அறைக்கு வந்தபோது, "இவன் என் தம்பி. இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது" என்று குனிந்து சொன்னாள். கையுறைக்காரரும் சிரித்துக்கொண்டே குனிந்தார். அவருக்குத் தெரியும், அக்கா பேசுகிறாள், அப்படித்தான் பேசுவாள் என்று.

கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய! நன்றாக இருக்கிறது கதை! அவன் கை பட்ட இரும்பைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதலில் எண்ணெய் தொட்டுக் கல்லால் தேய்ப்பான். பிறகு உப்புத்தாள், முரட்டுத் தாளில் ஆரம்பித்து மெல்லிய தாள் வரை. கடைசியில் வைரப்பொடி கலந்த பசையைப் பஞ்சில் எடுத்து, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி ஒற்றி ஒற்றித் தேய்ப்பான். முடிந்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே அச்சைச் சாய்த்துப் பிடிப்பான். இரும்புக்குள் டியூப்லைட் கோடு போட்டது போல நேராகத் தெரிய வேண்டும். எங்காவது ஒரு நெளிவு தெரிந்தால் முகம் சுருங்கிப்போகும். திரும்ப முதலிலிருந்து. ஷாப்பில் அவனுக்குப் பெயரே 'கண்ணாடி'.

கையுறைக்காரர் கம்பெனி ஒரு நாள் ஒரு செய்தி அனுப்பியது. மெருகு போடுகிறவர்களில் ஒருவனை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறார்கள். இரண்டு வருடம் அங்கே பயிற்சி. திரும்பி வந்தால் புதிதாக வரப்போகும் மெருகுப் பிரிவு முழுக்க அவன் பொறுப்பு. தேர்ந்தெடுக்கக் கையுறைக்காரரே வருவார்.

தம்பிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை, அதற்குள் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டான். நீல நிறம், கழுத்து வரைக்கும் மூடுகிற மாதிரி.

"அண்ணி, உங்க தம்பியைப் பாருங்க," என்று அவன் மனைவி மாடிக்கு ஓடிவந்து சொன்னாள். "ஃபேனை முழுசா போட்டுட்டு, ஸ்வெட்டரைப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. கேட்டா பழகிக்கறாராம்!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அவளுக்கும் உள்ளூர ஆசைதான். கல்லாலும் தாளாலும் தேய்ந்துபோன அவன் விரல் நுனிகளைப் பார்க்கும்போதெல்லாம், இவனுக்கு ஒரு விடிவு வரட்டும் என்று நினைப்பாள்.

போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருவன் கண்ணாடி, இன்னொருவன் நெட்டையன். நெட்டையன் நல்ல பையன், நல்ல வேலைக்காரன். தம்பிக்குச் சினேகிதன்கூட. ஆனால் கண்ணாடி வேறு என்பது நெட்டையனுக்கே தெரியும்.

கையுறைக்காரர் வருவதற்கு முந்தின வாரம். கேன்டீனில் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் லேத் ஓட்டுகிறவன் ஒருவன் பேசியது காதில் விழுந்தது.

"கண்ணாடிக்கென்னப்பா கவலை? விஷயம் பூரா அக்கா வாயிலதானே இருக்கு. அந்தாளு குட்டுன்னு சொல்றதை இவ தங்கம், வைரம்னு சொல்லிட்டா போச்சு. நெட்டையன் சும்மா நேரத்தை வீணாக்கறான்."

நாலு பேர் சிரித்தார்கள். அக்கா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். அப்போதே எழுந்துபோய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜப்பான்காரர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து சண்டை போடுகிற வாயும் அவளுக்கு மறந்துபோயிருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தச் சொல் அவளோடு மாடிப்படி ஏறியது, வீட்டுக்கு வந்தது, படுக்கையிலும் கூடவே படுத்தது.

தேர்வு நாள் வந்தது. மெருகு அறைக்குப் பக்கத்தில் சின்ன அறை, ஒரு மேஜை. மேஜைமேல் பச்சைத் துணி விரித்து இரண்டு இரும்புத் துண்டுகள் வைத்திருந்தார்கள். ஒன்று நெட்டையன் மெருகிட்டது, ஒன்று தம்பி மெருகிட்டது. மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜர், மறு பக்கம் கையுறைக்காரர், நடுவில் அக்கா. சுவரோரமாக இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தம்பி சவரம் செய்து, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான்.

கையுறைக்காரர் இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார். "இரும்பு ஒரு நாள் வேலையைத்தான் காட்டும். தினமும் பார்க்கிற மேனேஜர் இவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்?"

அவள் இங்கிலீஷில் கேட்டாள். மேனேஜர் நெட்டையனை ஒரு பார்வை பார்த்தார். "குட். யெஸ், குட்." டீக்குச் சொல்கிற அதே குட்.

அக்கா அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மனசார அதைத் தூக்கிச் சொன்னாள். "உதெ கா ஈ" என்றாள். நல்ல கைக்காரன் என்று அர்த்தம். ஜப்பானில் ஒரு தொழிலாளியைப் பற்றி இதைவிடப் பெரிதாகச் சொல்ல எதுவும் கிடையாது. கையுறைக்காரரின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

பிறகு மேனேஜர் தம்பியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தாழ்ந்த குரலில், நிறுத்தி, "ஹி இஸ் குட்" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அக்கா அதுவரைக்கும் கேட்டதே இல்லை. இதுதான் அசல் குட் என்று அவளுக்குப் புரிந்தது. மற்ற எல்லாக் குட்டும் இதன் சில்லறை.

கையுறைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். லேத் ஓட்டுகிறவன் குரல் காதில் கேட்டது. தங்கம், வைரம்! சுவரோரம் தம்பி நிற்கிறான். என் தம்பியைப் பற்றி நானே, என் வாயால், எப்படி? வாய் தானாகவே குனிந்துகொண்டது.

"மஜிமே," என்றாள்.

ஒழுங்கான பிள்ளை. சொன்ன வேலையைச் செய்கிறவன். பொய் இல்லை. குட் என்பதற்கு அகராதியைப் புரட்டினால் அந்த அர்த்தத்துக்கும் இடம் உண்டு. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்காத பிள்ளையைப் பற்றி வாத்தியார் வீட்டுக்காரர்களிடம் சொல்வாரே, அந்த மாதிரி ஒரு பாராட்டு.

கையுறைக்காரர் ஒரு நிமிஷம் தம்பி மெருகிட்ட துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். நெட்டையன் பக்கம் நடந்துபோய்க் கையை நீட்டினார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அக்கா பக்கத்தில். அவனாக ஏதாவது கேட்பான், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவே இல்லை. கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"அவங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருப்பாங்க போல."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "சரிக்கா, விடு," என்றான். நிறுத்தம் வந்ததும் எழுந்து, அவள் பையையும் தானே வாங்கிக்கொண்டு இறங்கினான்.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரில் நடக்கிறதுதான். நெட்டையன் போனான், வந்தான், பிரிவுக்குத் தலைவனானான். வரும்போது கண்ணாடிக்கென்று ஒரு பெட்டி ஜப்பான் மெருகுக்கல் வாங்கி வந்தான். தம்பி வாங்கி, ரொம்ப நன்றி சொல்லி, பிரிக்காமலேயே பரண்மேல் வைத்துவிட்டான். கொஞ்ச நாளில் மெருகு அறையே வேண்டாம், சரக்கு ஏற்றுகிற பக்கம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு வேலையையே விட்டுவிட்டு வேன் ஓட்ட ஆரம்பித்தான்.

"ஏண்டா, கையில அப்படி ஒரு தொழிலை வெச்சுக்கிட்டு..." என்று அக்கா எத்தனையோ முறை கேட்டாள்.

"எல்லாருக்கும் எல்லாம் வராதுக்கா," என்பான். கோபமே இருக்காது அந்தக் குரலில். அதுதான் அவளுக்குத் தாங்காது.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கம்பெனி வாசலுக்குச் சரக்கு எடுக்க வந்தால் பழைய ஆட்கள் "டேய் கண்ணாடி!" என்று கத்துவார்கள். வயசாகி அவன் படிக்கிற கண்ணாடி போட ஆரம்பித்திருந்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதற்காகத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் திருத்தவில்லை.

அக்கா ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான் சொன்னது தப்பான வார்த்தை இல்லை. இரும்பைப் பார்த்துத்தானே அவர் முடிவு செய்திருப்பார்? ஒரு வார்த்தையா ஒருவன் தலையெழுத்தை மாற்றும்? பகலில் இந்தச் சமாதானம் செல்லும். வேன் கதவைச் சாத்துகிற சத்தம் கீழே கேட்டால் செல்லாது.

போன மாதம் கையுறைக்காரர் வந்திருந்தார். இதுதான் அவருக்குக் கடைசிப் பயணம், ஓய்வு பெறப் போகிறார். குட்டு மேனேஜர் எப்போதோ தன் நாட்டுக்குப் போய்விட்டார். மதியம் அந்தச் சின்ன அறையில் அக்காவும் கையுறைக்காரரும் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கையுறையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்திருந்தார். அவர் வெறுங்கையை அக்கா அன்றுதான் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் அந்த நாள் தம்பி விரல் மாதிரியே தேய்ந்திருந்தது. அவரும் மெருகு போட்டு வளர்ந்தவர்தான்.

"உங்கள் தம்பி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். "அவர் மெருகிட்ட துண்டு என் மேஜைமேல்தான் இருக்கிறது. இத்தனை வருடமும் அதில் ஒரு நெளிவு தேடினேன். கிடைக்கவில்லை."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் ஏன் அவனை எடுக்கவில்லை?"

"மேனேஜர் மஜிமே என்றாரே. ஒழுங்கான ஆட்கள் என் தொழிற்சாலையில் நிறையப் பேர் இருந்தார்கள். நான் தேடி வந்தது ஒரு கையை. ஒரு நாள் துண்டு நன்றாக வந்திருக்கலாம், தினமும் பார்க்கிறவர் இவ்வளவுதான் சொல்கிறார் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்தேன்."

"மேனேஜர் அப்படிச் சொல்லவில்லை," என்றாள் அக்கா. "குட் என்றுதான் சொன்னார். அவர் சொன்னதிலேயே பெரிய குட் அது. தம்பி என்பதால் நான் இறக்கிச் சொல்லிவிட்டேன்."

கையுறைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"குட் என்று என் காதிலும் விழுந்தது," என்றார் மெதுவாக. "அவர் டீக்கும் அதையேதானே சொல்வார்? அதனால்தான் உங்கள் வார்த்தைக்குக் காத்திருந்தேன். அக்கா பேசுகிறாள் என்று தெரிந்திருந்தால், அந்த வார்த்தையை இரண்டு மாடி மேலே தூக்கிக் கேட்டிருப்பேன். நான் மேனேஜர் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன்."

மரியாதை என்று நினைத்துச் செய்த காரியம்! கேட்கிறவனுக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அது மரியாதை. தெரியாவிட்டால் அது வெறும் பொய். இவ்வளவு நாள் அந்த மொழியில் சோறு தின்றவளுக்கு இது தெரியாமல் போயிற்றே! அக்கா அந்த மனிதர் முன்னாலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தம்பியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை தைரியம் வரவில்லை. காலையில் அவன் சந்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு பழைய நீலத் துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த ஸ்வெட்டரின் கை.

"இதையா வெட்டின?" என்றாள்.

"பின்ன? பூச்சி அரிச்சுப் போச்சு. வேனுக்கு நல்லா தண்ணி இழுக்குது." சிரித்தான். "என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? மாமாவோட சண்டையா?"

"இல்லடா. உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

வேன் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேன்டீனில் கேட்டதிலிருந்து, மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்ததிலிருந்து, கையுறைக்காரர் மேஜைமேல் இருக்கிற துண்டு வரை. எதையும் பூசி மெழுகவில்லை. அவன் அந்த நீலத் துணியைப் பிழிந்து பிழிந்து, பிழிய ஒன்றும் இல்லாதபோதும் பிழிந்துகொண்டே இருந்தான்.

"நான் உன்னைப் பத்தி என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாது," என்று கடைசியில் அந்த வார்த்தைக்கு வந்தாள். "அதுக்கு அர்த்தம்..."

"மஜிமே," என்றான் தம்பி.

அக்கா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"புத்தகத்துல அந்தப் பக்கத்துல ஒரு படம் இருக்கும்க்கா. ஒரு ஆள் குனிஞ்சு கருமமே கண்ணா தரையைப் பெருக்கிட்டு இருப்பான். உனக்கு அது வாயில நுழையவே நுழையாது. எத்தனை தடவை நான் கேட்டிருப்பேன்? அதுக்குப் பின் பக்கத்துலதான் அந்த நல்ல கைக்காரன். சுத்தியலோட நிப்பான். ரெண்டும் எனக்கு நல்லா ஞாபகம்."

"அப்ப அன்னிக்கே... உனக்கு..."

"நெட்டையனுக்கு அதைச் சொன்ன. எனக்கு இதைச் சொன்ன. கேட்டுட்டுத்தானே நின்னேன்."

"பாவி! ஏண்டா என்னைக் கேக்கல? பஸ்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ரெண்டு அறை அறைஞ்சிருக்கக் கூடாதா?"

"எதுக்குக் கேக்கணும்?" அவனுக்கு நிஜமாகவே புரியாதது போல இருந்தது முகம். "அந்தாளு எல்லாத்துக்கும்தான் குட்டுங்கறாரு. எந்தக் குட்டு, எவ்வளவு குட்டுன்னு உனக்கு ஒருத்திக்குத்தானே தெரியும்? நீ தப்பாச் சொல்ல மாட்டேன்னு நினைச்சேன். சரி, நம்ம கை அவ்வளவுதான் போலிருக்கு, நாமதான் பெரிசா நினைச்சுட்டு இருந்துட்டோம்னு..." நிறுத்தினான். "அப்புறம் கல்லைத் தொட்டாலே கூச்சமா இருந்துச்சுக்கா. டியூப்லைட் நேராத்தான் தெரியும். அப்பவும் எனக்குத்தான் கண்ணு தெரியல போலன்னு தோணும்."

இத்தனை வருடம் அவள் பயந்தது வேறு. அவன் வாய்ப்பைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் பயந்தாள். அவன் தன் கையை நம்புவதையே கெடுத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. நெட்டையன் போன விமானத்தில் போகாமல் இருந்தது பெரிய விஷயமே இல்லை. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் நம்பினான். அது ஒன்றுதான் நடந்தது.

ஈரமாக இருந்த அவன் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. விரல் நுனிகளில் கோடுகள் திரும்ப வளர்ந்து, எல்லோர் விரலையும் போல ஆகியிருந்தன.

"உதெ கா ஈ," என்றாள். "மேனேஜர் சொன்னது இதுதாண்டா. உன்னைப் பாத்துச் சொன்னது இதுதான்."

தம்பி சிரித்தான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்ப சொன்னா அது பொய்யாயிடும்க்கா," என்றான்.

உள்ளேயிருந்து அவன் மனைவி, "அண்ணி, டீ ஆறுது!" என்று கத்தினாள். அவன் எழுந்து நீலத் துணியை வாளியில் நனைத்து, விட்ட இடத்திலிருந்து கதவைத் துடைக்க ஆரம்பித்தான்.